சப்ரகமுவத் தோட்டங்களும் நியாயஸ்தலங்களும் – 7: உருளவள்ளி வழக்கு

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழில் ஒப்பந்தக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளியை எவ்விதம் குற்றக் கூண்டில் கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சென்ற அத்தியாயங்களில் விரிவாகக் கண்டோம். வேலைக்கு வராதிருத்தல், சொற்கேளாமை, ஒரு மாத முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் ஆகியவை, எசமானும் வேலையாளும் கணக்குத் தீர்த்துப் பிரிவதோடு முடிந்திருக்க வேண்டிய காரியங்களாயினும், அச்சட்டத்தின் கீழ் அவை அபராதத்துக்கும் சம்பள இழப்புக்கும் மூன்று மாதம் வரையிலான சிறைவாசத்துக்கும் உரிய குற்றங்களாயின. அந்தத் தண்டனைப் பிரிவுகளை ஒழிக்கும்பொருட்டு ஸர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள், 1919இல் தொழிலாளர் நலன் பேணும் சங்கமொன்றை ஸ்தாபித்து இடையறாது வாதாடி வந்தார்கள். 1920களின் தொடக்கத்தில் அப்பிரிவுகளும், தொழிலாளியைக் கடனால் தோட்டத்தோடு பிணைத்த துண்டு முறையும் நீங்கின. இனித் தொழிலாளி தன் தொழிலை விட்டதற்காகச் சிறைக்குப் போக வேண்டியதில்லை என்ற நிலை அப்போது உண்டாயிற்று.

ஆனால் தொழிலை விட்டபின் அவர் எங்கே போவது என்ற கேள்விக்கு அந்தச் சீர்திருத்தம் விடை தரவில்லை. லயத்துக் காம்பரா என்பது தோட்டத்துக்கு உரிய பொருள். வேலை உள்ளவரைதான் அதிலே வாசம். துரை வேலைநீக்க அறிவித்தலாகிய பத்துச்சீட்டைக் கையிலே கொடுத்த நாளில், பிள்ளை பிறந்ததும் பெற்றோர் இறந்ததும் எந்தப் பத்தடிச் சதுரத்தில் நிகழ்ந்தனவோ அந்த இடம் அவருக்கு அந்நியமாகிவிடும். வெளியேற மறுத்தால் என்ன செய்வது? தொழில் ஒப்பந்தச் சட்டம் போன பின்னர் தோட்ட நிர்வாகங்களும், பின்னால் அரசாங்கமும் கையிலெடுத்த ஆயுதம், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் 427ஆம் பிரிவாக அமைந்த குற்றமுறை அத்துமீறல் என்பதாகும். பிறருடைய இருப்பிலுள்ள நிலத்தில், குற்றம் புரியும் எண்ணத்தோடோ, அங்கிருப்பவரை அச்சுறுத்தவோ அவமதிக்கவோ தொந்தரவு செய்யவோ வேண்டும் என்னும் எண்ணத்தோடோ ஒருவர் பிரவேசித்தாலும், நியாயமாகப் பிரவேசித்தவர் அத்தகைய எண்ணத்தோடு அங்கே தங்கியிருந்தாலும் அது குற்றமென அப்பிரிவு விதித்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவைப் பின்பற்றி எழுதப்பட்டது இது. களவுக்கும் கலகத்துக்குமாகப் புகுபவரைத் தடுப்பதே இதன் உத்தேசம்.

தோட்டத்திலோ இந்த அத்துமீறல் சட்டம் இருபுறமும் கூருள்ள வாளாகப் பயன்பட்டது. வெளியிலிருந்து தொழிலாளரிடம் பேச வருபவர் உள்ளே நுழையாதபடி அது தடுத்தது. உள்ளிருந்து வாய்திறந்த தொழிலாளியை அது வெளியே தள்ளியது. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர் அவர்கள் புடவை வியாபாரியின் வேஷம் பூண்டு லயங்களுக்குள் செல்ல நேர்ந்தமைக்கு இந்தத் தடையே காரணம். அவர் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ முதலிய பத்திரிகைகளின் வாயிலாகவும், தம் மனைவியார் மீனாட்சி அம்மையாருடன் தோட்டந்தோறும் சென்று பேசியும், சட்டம் என்பது துரையின் வாயில் பிறப்பதன்று என்ற ஓர் உண்மையைத் தொழிலாளர் மனத்தில் விதைத்தார். வழக்கு என்று வந்தால் தோட்டத்துச் சனங்கள் பயந்து ஒடுங்கிய காலம் மாறத் தொடங்கியது அவரால்தான் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

இனி, சப்ரகமுவ மாகாணத்தின் தனி நிலையைச் சற்றே கவனித்தல் வேண்டும். இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களையும் கொண்டு 1889இல் தனி மாகாணமாக அமைக்கப்பட்ட இப்பிரதேசத்தில், களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டியாந்தோட்டைக்கும், 1912இல் இரத்தினபுரிக்கும் வந்து சேர, தேயிலையோடு ரப்பரும் பெருகிற்று. நுவரெலியாவைப்போல் மலை மலையாகத் தோட்டங்களே தொடர்ந்து கிடக்கும் சீமையன்று இது. இங்கே சிங்களக் கிராமங்களும் அவற்றின் வயல்களும் நடுவே விரிய, தோட்டங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆகையினால் தமிழ்த் தொழிலாளர் எண்ணிக்கையில் திரண்டு பலம் காட்டக்கூடிய வசதி இங்கு என்றும் குறைவாகவே இருந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் வென்ற ஏழு ஸ்தானங்களில் ஒன்றேனும் சப்ரகமுவத்தைச் சேர்ந்ததன்று என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். இத்தகைய இடத்தில் ஒரு தொழிலாளிக்கு எதிராக வழக்குப் பதிவாகுமானால், அவருக்குப் பின்னால் நிற்க ஊருமில்லை, பிரதிநிதியுமில்லை.

அந்தச் சூழலில்தான் உருளவள்ளி விவகாரம் எழுந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு இரண்டு பெயர்கள் இருப்பது வழக்கம். வெள்ளைக்காரர் பதிவேட்டில் எழுதிய பெயர் ஒன்று, தொழிலாளர் வாயில் வழங்கும் பெயர் மற்றொன்று. கேகாலை மாவட்டத்திலிருந்த நேவ்ஸ்மியர் என்னும் தோட்டமே தமிழ் மக்கள் வாயில் உருளவள்ளி என வழங்கிற்று. காணியற்ற கிராமவாசிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் நோக்கத்தோடு அரசாங்கம் அத்தோட்டத்தைச் சுவீகரித்தது. அப்போது காணி, விவசாய மந்திரியாக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்கா அவர்கள். காணியற்ற கிராமத்தவரின் கஷ்டம் பொய்யானதன்று. பெருந்தோட்டங்கள் பரவியபோது கிராமங்கள் தங்கள் சேனைக் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் இழந்தது சரித்திர உண்மை; அந்த இழப்புக்குப் பரிகாரம் தேட வேண்டியது அரசாங்கத்தின் கடமையே. ஆயினும் நிலத்தைப் பறித்தவர் வேறொருவராயிருக்க, அந்நிலத்தில் வியர்வை சிந்திய கூலியாளின் தலைமேல் பரிகாரத்தின் முழுச் சுமையையும் ஏற்றிவைத்ததை எந்தத் தர்மத்தாலும் நியாயப்படுத்த இயலாது. தொழிலாளருக்கு வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் போகவில்லை.

1946 ஜூன் மாதத்தில் இலங்கை இந்திய காங்கிரஸின் அறைகூவலை ஏற்றுக் கேகாலையிலும் மலைநாட்டின் பிற பகுதிகளிலும் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. சம்பளத்துக்காகவன்றி, குடியிருக்கும் உரிமைக்காகத் தோட்ட மக்கள் இவ்வளவு பெரிய அளவில் வேலையை நிறுத்தியது ஓர் அபூர்வ சம்பவம். அந்தப் போராட்டத்தின் அரசியல் கதை பலரால் எழுதப்பட்டுவிட்டது. ஆதலால் அதனை இங்கே விரிக்காமல், அதிகமாகப் பேசப்படாத அதன் மறுபாதியாகிய வழக்கினுள் நாம் புகுவோம்.

வெளியேற மறுத்தவர்கள் மீது குற்றமுறை அத்துமீறல் சாட்டப்பட்டது. அக்காலத்து நீதவான் நீதிமன்றத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி எவ்வாறு நின்றிருப்பார் என்பதை நாம் உணர்ந்தாலன்றி, பின்னால் வந்த தீர்ப்பின் அருமை விளங்காது. நீதிமன்றத்தின் பாஷை ஆங்கிலம். சுற்றியிருந்த ஊரின் பாஷை சிங்களம். கூண்டில் நின்றவர் பாஷை தமிழ். அவருக்கும் நீதவானுக்கும் இடையே மொழிபெயர்ப்பு முதலியார் ஒருவர் நின்றார். அவர் சொன்னதே கேள்வி, அவர் சொன்னதே பதில். பிறக்கிராசியாரை அமர்த்துவதற்குப் பணம் வேண்டும். ஒவ்வொரு தவணைக்கும் கேகாலைக்கு வந்து போவதற்கும் பணம் வேண்டும். வந்த நாளின் சம்பளமும் போய்விடும். சட்டமோ, குற்றஞ்சாட்டப்பட்டவர் தமக்காக ஒரு நியாயவாதியை வைத்துக்கொள்ளும் உரிமையை முன்னரே ஏற்றிருந்தது. ஆனால் அந்த உரிமையை விலைகொடுத்து வாங்கத் தொழிலாளியால் இயலாது. ஆகவே தொழிலாளிகளில் மிகப் பலர் தாமே தமக்கு வக்கீலாக நிற்க நேர்ந்தது.

அப்படி நின்றவர்களுக்கு நேர்ந்த ஆபத்து மிகவும் நுட்பமானது. ‘அறிவித்தல் கிடைத்ததா?’ என்று கேட்டால், கிடைத்தது என்பார். ‘அதற்குப் பின்னரும் காம்பராவில் இருந்தாயா?’ என்றால், இருந்தேன் என்பார். உண்மை பேசுபவர் வேறு என்ன சொல்வார்? அந்த இரண்டு பதில்களோடு விசாரணை முடிந்துவிட்டதாகத் தோன்றும். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதாகவும் எண்ணப்படும். ஆனால் 427ஆம் பிரிவு கேட்பது அந்த இரண்டு கேள்விகளை அல்ல. இருந்தவர் எந்த எண்ணத்தோடு இருந்தார் என்பதும், அந்த இடம் உண்மையில் யாருடைய இருப்பில் இருந்தது என்பதுமே அதன் உயிர்நாடி. இவ்விரண்டையும் கேட்கும்படி நீதிமன்றத்தை வற்புறுத்த, சட்டத்தின் வாசகத்தை அறிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும். தொழிலாளியின் பதில் ஏற்கெனவே அவர் நெஞ்சில் இருந்தது: போக்கிடம் இல்லை, ஆகவே இருந்தேன் என்பதுதான் அது. அந்தப் பதிலுக்கு உரிய கேள்வியை எழுப்புவதே வழக்கறிஞரின் வேலை. இதனாலேயே, ஏழைக்கு வழக்கறிஞர் வேண்டும் என்பதும் ஏழை தன் வாயாலே பேச இடம் வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று முரணான கோரிக்கைகள் அல்ல என்று சொல்லுகிறேன். ஒன்றில்லாமல் மற்றொன்று பாதியாகவே நிற்கும்.

உருளவள்ளித் தொழிலாளருக்கு அவர்களுடைய தொழிற்சங்கம் துணை நின்றது. கேகாலையில் தொடங்கிய வழக்கு, இலங்கையின் எல்லா நீதிமன்றங்களையும் கடந்து, அக்காலத்தில் இறுதி மேன்முறையீட்டு மன்றமாகிய லண்டன் பிரிவி கவுன்சிலை எட்டிற்று. சட்ட அறிக்கைகளில் அது அரசருக்கும் செல்வநாயகம் என்பவருக்கும் இடையிலான வழக்கென்று பதிவாகியுள்ளது. இந்தச் செல்வநாயகம், தமிழரசுக் கட்சியின் தலைவராக விளங்கிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் அல்லர். தோட்டத்தில் வாழ்ந்த ஓர் உழைப்பாளி. மன்னரின் பெயருக்கு எதிராகத் தம் பெயரை நிறுத்தி, டவுனிங் வீதியில் அமர்ந்த நீதிபதிகள் வரை ஒரு தோட்டத் தொழிலாளி வழக்காட முடிந்தது, ஒருவர் பின் ஒருவராகச் சந்தாப் பணம் கொடுத்த ஆயிரக்கணக்கான தொழிலாளரின் ஒற்றுமையாலன்றி வேறெதனாலும் அன்று.

1950இல் பிரிவி கவுன்சில் அளித்த தீர்ப்பு தொழிலாளியின் பக்கமே அமைந்தது. அதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். இப்பிரிவு பேசுவது இருப்பைப் பற்றி. இருப்பு என்பது கண்ணால் காணத்தக்க நிகழ்வு. சட்ட நுணுக்கங்களால் கற்பிக்கப்படும் உடைமையோடு அதனைக் குழப்பலாகாது. ஒருவர் தமக்கு உரிமை உண்டென உண்மையாகவே நம்பி ஓரிடத்தில் புகுந்தாலோ தங்கினாலோ, அந்நம்பிக்கை சட்டப்படி எவ்வளவு ஆதாரமற்றதாயினும், அதனால் பிறருக்குத் தொந்தரவு உண்டாகும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்த ஒரே காரணத்தால் அச்செயல் குற்றமாகிவிடாது. தொந்தரவு செய்வதே அவருடைய பிரதான எண்ணமாயிருந்தது என்பதையும், உரிமை என்று அவர் கூறியது அவ்வெண்ணத்தை மறைக்கும் போர்வையே என்பதையும் வழக்குத் தொடுப்பவர் நிரூபித்தாக வேண்டும். தோட்டத் தொழிலாளியோ, தாம் வாழ்ந்த இடத்தை விட்டால் வீடற்றவராவோம் என்று உண்மையாகவே அஞ்சி அங்கே தங்கினார். துரையையோ அரசாங்க உத்தியோகத்தரையோ தொந்தரவு செய்வது அவருடைய பிரதான நோக்கமன்று.

இத்தீர்ப்பு எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதைப் பிரித்தறிதல் அவசியம். காம்பரா தொழிலாளிக்குச் சொந்தம் என்று அது கூறவில்லை. வெளியேற்ற விரும்புவோர் சிவில் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற வழி திறந்தே இருந்தது. ஆனால் குடியிருப்பைக் குறித்த ஒரு தகராறைப் பொலிஸாரையும் சிறைச்சாலையையும் கொண்டு முடித்துக்கொள்ளும் குறுக்குவழியை அது அடைத்துவிட்டது. மேன்முறையீடு என்பதைத் தோட்டத்துச் சனங்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டுமிராத ஒரு காலத்தில், இது சிறிய வெற்றியன்று. கேகாலை மண்ணிலிருந்து போன அந்த நியாயம், கடல்கடந்து வேறு தேசங்களிலும் பயன்பட்டது. இந்தியாவின் உச்ச நீதிமன்றம், 1960களில் மாத்ரி என்பவருக்கும் பஞ்சாப் அரசுக்கும் இடையிலான வழக்கில் அத்துமீறலுக்குரிய எண்ணத்தைப் பற்றி ஆராய்ந்தபோது, இந்தத் தீர்ப்பை எடுத்து விவாதித்திருக்கிறது. இன்றைக்கும் இந்தியச் சட்ட மாணவர்கள் படிக்கும் அந்த விதியின் பின்னணியில் ஒரு லயத்துக் காம்பரா இருக்கிறது என்பதை அவர்களில் எத்தனைபேர் அறிவார்கள்?

வழக்கறிஞரின்றித் தாமே வாதாட நேர்ந்த ஏழைகளின் கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் புளோரிடாவில் கிளாரன்ஸ் கிடியன் என்னும் ஏழை, தமக்கு வழக்கறிஞர் தரும்படி கேட்டு மறுக்கப்பட்டு, தாமே வாதாடித் தோற்றுச் சிறையில் அடைக்கப்பட்டபின், அங்கிருந்தபடியே பென்சிலால் எழுதியனுப்பிய மனுவை ஏற்ற அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு அரசே வழக்கறிஞரைத் தர வேண்டும் என 1963இல் விதித்தது. மறுவிசாரணையில், வழக்கறிஞர் துணையோடு கிடியன் விடுதலையானார். மனிதரும் சாட்சிகளும் பெரும்பாலும் அவர்களே. கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் அருகில் நின்றதுதான் வேறுபாடு.

இலங்கையிலும் பிற்காலத்துச் சட்டங்கள் இந்த நியாயத்தை ஏட்டளவிலேனும் ஏற்றுக்கொண்டுள்ளன. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி, குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் தாமாகவோ சட்டத்தரணி ஒருவர் மூலமாகவோ, தகுதிவாய்ந்த நீதிமன்றத்தினால் நியாயமான விசாரணையில் கேட்கப்பட உரித்துடையவர் என்கிறது. அதே ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 260ஆம் பிரிவு, எந்தக் குற்றவியல் நீதிமன்றத்திலும் சட்டத்தரணி மூலம் எதிர்வாதம் புரியும் உரிமையை உறுதிசெய்தது. மேல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுபவருக்கு வழக்கறிஞரில்லையானால் அரச செலவில் ஒருவரை நியமிக்க வழியுண்டு. ஆனால் தோட்டத்து மனிதர் பெரும்பாலும் சென்று நிற்பது நீதவான் நீதிமன்றத்தில், அங்கே அத்தகைய கட்டாயம் இல்லை. சத்தியம் செய்யாமலே கூண்டில் நின்று தம் தரப்பைத் தம் வாயால் எடுத்துச் சொல்லும் உரிமையை நம் நீதிமன்றங்கள் அங்கீகரித்திருப்பது இவ்விடத்தில் ஓர் ஆறுதல். வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்தில் நடைபெறினும், தமிழ் பேசுபவர் தமக்கு விளங்கும் மொழியில் மொழிபெயர்ப்பைக் கோரலாம். அதனைத் தர வேண்டியது அரசின் பொறுப்பு என அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகிறது.

இத்தனை ஏற்பாடுகளும் இருந்தும், இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தோட்டத்து இளைஞர் ஒருவர் பொலிஸ் நிலையத்தில் தமக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிடுவதும், பிணை நிற்க ஆளில்லாமல் மறியலில் கிடப்பதும், தண்டப்பணம் கட்ட இயலாமல் சிறை செல்வதும் நின்றபாடில்லை. ஆகையால் இதனைப் படிக்கும் அன்பர்களுக்கு, குறிப்பாகத் தோட்டத்துத் தலைவர்மாருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் எவரேனும் கைதானால், வாசித்து விளக்கப்படாத எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்பதை முதலில் அவருக்கு அறிவியுங்கள். மாவட்டத்தின் சட்ட உதவி நிலையத்துக்கு அன்றே ஆள் அனுப்புங்கள். முதல் தவணையிலேயே மொழிபெயர்ப்பாளரைக் கேட்கச் செய்யுங்கள். ‘குற்றவாளியா, சுற்றவாளியா’ என்ற கேள்விக்கு, குற்றம் என்னவென்று முழுதும் விளங்கிக்கொள்ளாமல் பதிலளிக்கவிடாதீர்கள்.

மறுபடியும் 1950க்கு வருவோம். லண்டனில் அத்தீர்ப்பு வெளியானபோது, அதனால் பயன்பெற வேண்டிய மக்கள் ஏற்கெனவே நாடற்றவர்களாகியிருந்தனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களைப் பிரஜைகள் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்க, 1951 ஆகஸ்ட் 5ஆம் தேதி வரையே தவணை கொடுக்கப்பட்டிருந்தது. குடியிருக்கும் காம்பராவிலிருந்து குற்றவாளியாக வெளியேற்றப்படாமல் காப்பாற்றப்பட்டவர், வாக்காளர் இடாப்பிலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்த அநீதியையும் எதிர்த்து நீதிமன்றம் ஏறிய முதல் வழக்கு, இதே கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்தே புறப்பட்டது. கோடகன்பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி தொடுத்த அவ்வழக்கு, விசாரித்த அதிகாரி முன் வென்று, உயர் நீதிமன்றத்தில் தோற்று, 1953இல் பிரிவி கவுன்சிலிலும் தள்ளுபடியாயிற்று. அதன் வரலாற்றை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.